பன்னிரண்டாம் தேதிக் கட்டம்

செண்டாய்
டிசம்பர் 15

அண்ணிக்கு,

நலமா என்று கேட்கும் வரிகளை விட்டுவிடுகிறேன். நீங்கள் எப்படியும் அதைத் தாண்டித்தான் படிப்பீர்கள்.

அப்பாவின் நினைவு நாளுக்குப் பிறகு இரண்டு வருடமாக நமக்குள் பேச்சில்லை. அன்றைக்கு எல்லார் முன்னாலும் நான் சொன்னதை இன்றைக்கும் திரும்பச் சொல்வேன்: அந்த வீட்டில் எலிகளைவிட மூடநம்பிக்கைகள் அதிகம். நீங்கள் போனை எடுக்க மாட்டீர்கள், எடுத்தாலும் அண்ணன் கையில் கொடுத்துவிடுவீர்கள். அண்ணனிடம் ஒரு விஷயத்தைச் சொன்னால் அது உங்களிடம் வந்து சேரும்போது வேறு விஷயமாகிவிடும். அதனால் கடிதம்.

வேலை இதுதான். ஜனவரி 28, சனிக்கிழமை, ஒசாகாவிலிருந்து வரும் மூன்று பேரை டோரிகோஷி மலைக்குக் கூட்டிப்போகிறேன். லிஃப்ட் இல்லாத மலை, யாரும் மிதிக்காத பனி. மேற்குப் பக்கமாக ஏறி, வடகிழக்குச் சரிவின் குறுக்கே போய், ஸ்கீயில் சறுக்கி இறங்குவது. அந்தச் சரிவு உட்காருமா, உடைந்து பனிச்சரிவாக இறங்குமா என்று கணிக்க வேண்டுமானால் அந்தப் பக்கத்துப் பனியின் வரலாறு வேண்டும். எந்த நாள் எவ்வளவு விழுந்தது, எந்தக் காற்று, எத்தனை குளிர். அரசாங்க வானிலை நிலையம் முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கார் நிறுத்துமிடத்தில் நிற்கிறது. அதை நம்புவதற்குப் பதில் கோழியைக் கேட்கலாம். டோரிகோஷியின் அடிவாரத்தில் இருபத்து மூன்று குளிர்காலமாகப் பனியை அளந்து எழுதுகிறவர் ஒருவர்தான். என் கெட்ட நேரம், அது நீங்கள்.

ஜனவரி முழுக்க ஒவ்வொரு புதன்கிழமையும் அந்த சோயா சாஸ் கறை படிந்த நோட்டிலிருந்து எண்களைப் பிரதி எடுத்து அனுப்புங்கள். எண்கள் மட்டும். மலைத்தாய் மகிமை, கனவில் வந்த நரி, இதெல்லாம் வேண்டாம்.

இன்னொன்று. வரிசையின் கடைசி ஆளாக அண்ணன் வர வேண்டும். அந்த மலை அவருக்கு மனப்பாடம். அவரிடம் கேட்டாயிற்று, சரி என்றார்.

டோகிஹிரோ


ஹினாசாவா
டிசம்பர் 19

டோகிஹிரோவுக்கு,

உன் கடிதத்தைப் பூசைமாடத்துக்கு முன்னால் உட்கார்ந்து உன் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். எலி என்ற இடம் வந்தபோது மெழுகுவத்தி அணைந்தது. காற்று என்பாய். அப்படியே இருக்கட்டும். அந்த நேரத்துக்குப் பார்த்து வரும் காற்றுக்கும் ஒரு விவரம் இருக்கிறது, உன்னைவிட.

எழுதித் தருகிறேன். உனக்காக இல்லை. உனக்கு மட்டும் என்றால், கனடாவுக்குப் போய் மூன்று வருடம் பனி படித்துவிட்டு வந்தாயே, சுவரில் மாட்ட ஒரு சான்றிதழும் கொண்டுவந்தாயே, அந்தச் சான்றிதழைச் சரிவில் விரித்து அதன்மேல் நடந்து போயேன் என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போயிருப்பேன். நான் படித்தது வனத்துறை எறிந்துவிட்டுப் போன ஒரு பழைய கையேட்டில். மீதியை மண்வெட்டியால் படித்தேன். உனக்குச் சான்றிதழ், எனக்கு முழங்கால் வலி.

ஆனால் நீ கேட்டது என் வீட்டு மனுஷனை. அவருக்கு அறுபத்தொன்று. இடது காது கேட்காது. மலை முனகினால் பாதிதான் அவருக்குக் கேட்கும்.

"போறேன்னு சொல்லிட்டீங்களாமே?" என்றேன்.

"டோகி கூப்பிட்டான்."

"கூப்பிட்டா உடனே போயிடறதா?"

"சும்மா கடைசியில நடந்து வர்றதுதானே கினுயே. நாய்கூடச் செய்யும்."

"நாய்க்கு ரெண்டு காதும் கேக்கும்."

சிரித்துக்கொண்டே பனி தள்ளப் போய்விட்டார். அதனால் எழுதித் தருகிறேன். உன் மலை எனக்கு வேண்டாம், உன் ஒசாகாக்காரர்களும் வேண்டாம். அன்றைக்குச் சாயங்காலம் அந்த மனுஷன் வாசலில் நின்று "வந்துட்டேன்" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் கணக்கு.

ஒன்றை இப்போதே சொல்லிவைக்கிறேன். ஜனவரி பன்னிரண்டாம் தேதி எழுத மாட்டேன். அன்றைக்கு மலைத்தாய் தன் மரங்களை எண்ணுகிறாள். மலையில் நிற்கிறவனையும் மரம் என்று எண்ணிவிடுவாள், எண்ணப்பட்டவன் வீடு திரும்ப மாட்டான். இந்த ஊரில் அன்றைக்கு யாரும் மலைப்பக்கம் கால் வைப்பதில்லை, மலைப்பக்கத்து ஜன்னலைத் திறப்பதுகூட இல்லை. நீயும் பன்னிரண்டு வயதுவரை அந்த ஜன்னலுக்குப் பயந்து என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தவன்தான். அதை உன் விருந்தினர்களுக்குச் சொல்லியிருக்க மாட்டாய்.

கினுயே


ஹினாசாவா
ஜனவரி 18

டோகிஹிரோவுக்கு,

இந்த வாரத்துக் கணக்கு. பனி ஆழம் செண்டிமீட்டரில்.

11: மேகம். காலை மைனஸ் 4. லேசான மேற்குக் காற்று. புதிதாக ஒன்றும் விழவில்லை. ஆழம் 168.
12:
13: காலை ஆறு மணிக்கு மைனஸ் 11. ஒன்பது மணிக்கு மேகம் கூடி, காற்றே இல்லாமல் மெத்தென்று பெய்தது. 14 விழுந்தது.
14: மைனஸ் 6. வடமேற்குக் காற்று, கூரைத் தகரம் அடித்துக்கொள்ளும் அளவுக்கு. 38.
15: அதே காற்று. 41. தபால்காரர் வரவில்லை.
16: காற்று குறைந்தது. 27.
17: நின்றுவிட்டது. மைனஸ் 5. என் வழக்கமான இடத்தில் குழி தோண்டினேன். பனித்தூண் ஒன்றை நாலு பக்கமும் வெட்டி நிறுத்தி, மேலே மண்வெட்டியை வைத்து, எத்தனையாவது தட்டுக்குப் பனி நழுவுகிறது என்று பார்க்கத் தட்டினேன். மணிக்கட்டால் பத்து, முழங்கையால் பத்து, தோளால் பத்து. முப்பதுக்கும் தூண் அசையவில்லை. ஆழம் 241.

வடமேற்குக் காற்று இரண்டு நாள் அடித்திருக்கிறது. மேற்கில் கிடந்த பனி எல்லாம் மலை முதுகைத் தாண்டி வடகிழக்குச் சரிவில்தான் போய் உட்கார்ந்திருக்கும். நீ போகப்போவது அங்கேதான். யோசி. யோசிக்கும் பழக்கத்தைக் கனடாவில் விட்டுவிட்டு வந்தாய் என்றால் போய் எடுத்துக்கொண்டு வா.

கினுயே


செண்டாய்
ஜனவரி 20

அண்ணிக்கு,

எண்கள் வந்தன. நீங்கள் இலவசமாகச் சேர்த்து அனுப்பிய அறிவுரையும் வந்தது. காற்று பனியை எங்கே கொண்டுபோய்க் கொட்டும் என்பது முதல் நாள் பாடம். அதற்குள் நீங்கள் வந்துவிட்டதற்குப் பாராட்டுகள்.

உங்கள் கணக்கை அச்சடித்துக் கட்டம் போட்டு இத்துடன் ஒரு பிரதி வைத்திருக்கிறேன். ஒசாகாவில் மோரிஷிதா என்று ஒரு பல் மருத்துவர், மூன்று பேரில் அவர்தான் முக்கியம். அவருக்கும் அனுப்பிவிட்டேன். பாருங்கள், கொல்லைப்புற வானிலை நிலையத்தின் வேலையும் சுத்தமான தாளில் வந்தால் எவ்வளவு மரியாதையாக இருக்கிறது.

பன்னிரண்டாம் தேதிக் கட்டம் ஓட்டைப்பல் மாதிரி இளித்தது. பல் மருத்துவருக்கு அப்படி ஒன்றை அனுப்ப முடியுமா? "இந்த நாள் ஏன் காலி?" என்று கேட்டால் "அன்றைக்கு எங்கள் அண்ணி வீட்டில் தெய்வம் மரம் எண்ணிக்கொண்டிருந்தது" என்று சொல்லவா? ஆகவே நானே நிரப்பிவிட்டேன். பதினொன்றாம் தேதி மேகம், பதின்மூன்றாம் தேதி மேகம். பன்னிரண்டு: மேகம், மைனஸ் 5, மாற்றமில்லை. இரண்டு சாதாரண நாளுக்கு நடுவில் ஒரு நாள். அதில் அப்படி என்ன நடந்துவிடும்?

உங்கள் முப்பது தட்டுக்கும் தூண் அசையவில்லை என்பதை மட்டும் மோரிஷிதா பென்சிலால் அடிக்கோடிட்டு வைத்திருக்கிறாராம். "உங்க அண்ணி பிரமாதமான ஆளுங்க" என்றார் போனில். நான் மறுக்கவில்லை. மறுத்தால் உங்களைப் பற்றி நிறையப் பேச வேண்டியிருக்கும்.

27-ஆம் தேதி சாயங்காலம் அண்ணனை மலைக்கு அந்தப் பக்கத்து வெந்நீரூற்று விடுதிக்கு பஸ்ஸில் அனுப்பிவையுங்கள். நாங்கள் நேராக அங்கே வந்துவிடுவோம். 23-ஆம் தேதியிலிருந்து நான் வேறு ஆட்களோடு வேறு மலையில் இருப்பேன். எழுதினாலும் கைக்கு வராது.

டோகிஹிரோ


ஹினாசாவா
ஜனவரி 27, உன் அண்ணன் கையில் கொடுத்தனுப்புவது

டோகிஹிரோவுக்கு,

இதை இன்று ராத்திரியே படி. காலையில் படிக்கலாம் என்று வைக்காதே.

உன் அச்சடித்த தாள் திங்கட்கிழமை வந்தது. பன்னிரண்டு: மேகம். அதைப் பார்த்ததும் கையில் இருந்த அரிசியைக் களைவதை விட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி மேகம் இல்லை.

எப்படித் தெரியும் என்று கேட்பாய். அன்று காலை அடுப்பில் மீன் கருகிவிட்டது. வீடு முழுக்கப் புகை. உன் அண்ணன் இருமிக்கொண்டே, "மலைத்தாய்க்குச் சாம்பிராணி போடுறியா கினுயே, அவ எண்ணிக்கை தப்பிடப் போகுது" என்றார். நான் யோசிக்காமல் மலைப்பக்கத்து ஜன்னலைத் திறந்துவிட்டேன். முப்பத்தாறு வருடத்தில் முதல் தடவை. திறந்த கையோடு பார்த்தும்விட்டேன்.

வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. முந்தின ராத்திரி மேகம் கலைந்திருக்கிறது. சரிவு முழுக்கக் கண்ணாடியை இடித்துத் தூவியது போல மின்னியது. வேலிக் கம்பியில் கட்டைவிரல் நீளத்துக்கு வெள்ளை உறைபனி இறகுகள் முளைத்திருந்தன. ஊதினால் உதிரும், தொட்டால் தண்ணீர். நான் சட்டென்று ஜன்னலைச் சாத்திவிட்டேன். உன் அண்ணனிடம்கூடச் சொல்லவில்லை. பக்கத்து வீட்டு ஓரியே, "என்னக்கா, உங்க வீட்டு ஜன்னல் சத்தம் கேட்ட மாதிரி இருந்துதே?" என்று கேட்டதற்கு, "எலியா இருக்கும்" என்றேன். உன் எலிதான் உதவிக்கு வந்தது.

அந்த இறகு என்ன செய்யும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சொல்லிவைக்கிறேன், கூட இருப்பவர்கள் கேட்கட்டும். பதின்மூன்றாம் தேதி பனி காற்றில்லாமல் பெய்தது என்று எழுதியிருந்தேன். காற்று அடித்திருந்தால் இறகு நொறுங்கியிருக்கும். காற்றில்லாததால் நின்ற நிலையிலேயே புதைந்தது. அதன்மேல் இரண்டு நாள் காற்று கெட்டிப் பனியை ஏற்றியது. நெல் உமியைப் பரப்பி அதன்மேல் பாயை விரித்து, பாயின்மேல் மூட்டை அடுக்கிய கதை. தரை சாய்வாக இருந்தால் என்ன ஆகும்?

பதின்மூன்று காலை மைனஸ் 11 என்று எழுதியிருந்தேனே, கனடாக்காரனே. மேகம் போர்த்திய ராத்திரியில் அவ்வளவு குளிருமா? வெற்றுக் கட்டத்தைப் பார்த்தாய், பக்கத்துக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

என் முப்பது தட்டை நம்பாதே. என் வழக்கமான குழி தேவதாருத் தோப்புக்குள், மரங்களுக்கு அடியில். மேலே கிளை மூடிய இடத்தில் அந்த இறகு முளைக்காது, திறந்த வானத்துக்கு அடியில்தான் முளைக்கும். செவ்வாய்க்கிழமை நம் மேல் வயலுக்கு, மரமே இல்லாத இடத்துக்குப் போய்த் தோண்டினேன். இடுப்பளவு ஆழத்தில் ஒரு சாம்பல் கோடு. சீப்பை வைத்து இழுத்தது போல நேராக. தூணை வெட்டி நிறுத்தித் தட்டினேன். மணிக்கட்டால் ஒன்று. இரண்டு. மூன்றாவது தட்டுக்கு மேல்பாதி இழுப்பறை மாதிரி வெளியே வந்து என் மடியில் விழுந்தது. பக்கத்தில் இன்னொரு தூண் வெட்டினேன். அதுவும் மூன்று.

அன்றைக்கே உனக்குப் போன் செய்தேன். ஆமாம், நான்தான். செய்தி பதிவு செய்யும் உன் பெட்டிதான் பேசியது. இரண்டு வருடம் கழித்து உன் வீட்டோடு நான் பேசிய முதல் வார்த்தை ஒரு பெட்டியோடு. மூன்று முறை பேசிவைத்தேன்.

உன் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போகாதீங்க" என்றேன். "அவன் வேற ஆளுக்கு எங்க போவான்? கடிதத்தைக் குடு, நான் குடுத்துடறேன்" என்றார். மேற்குப் பக்கத்தில் தோப்புக்குள்ளேயே ஏறித் தோப்புக்குள்ளேயே இறங்கு. வடகிழக்குச் சரிவின் குறுக்கே போகாதே.

நான் ஜன்னலைத் திறந்ததை ஊரில் யாருக்கும் சொல்லாதே என்று எழுத வந்தேன். வேண்டாம். சத்தமாகவே வாசி.

கினுயே


மாவட்ட மருத்துவமனை
பிப்ரவரி 1

அண்ணிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொள்ளுங்கள். வலது காறை எலும்பு ஒன்று, விலா மூன்று. அண்ணன் உங்களிடம் எவ்வளவு சொன்னார் என்று தெரியவில்லை. எவ்வளவு சொல்லியிருந்தாலும் வரிசை மாற்றித்தான் சொல்லியிருப்பார். ஆகவே நான் சொல்கிறேன்.

கடிதத்தை ராத்திரியே படித்தேன். காலையில் சாப்பிடும்போது எல்லாருக்கும் உரக்க வாசித்தேன், நீங்கள் கேட்டபடி. மரியாதைக்காக இல்லை. உங்கள் குரலிலேயே வாசித்தேன். அது எனக்கு நன்றாக வரும்.

"மீன் கருகுன கதையெல்லாம் பனி அறிக்கையில வருமா?" என்றார் மோரிஷிதா.

"எங்க வீட்ல வரும்" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

அண்ணன் மட்டும் சூப் கிண்ணத்தை வாயிலிருந்து எடுக்காமல், "அவ மூணு தட்டுன்னா மூணுதான். ரெண்டரைய மூணுன்னு எழுத மாட்டா" என்றார். அதற்கும் சிரித்தோம்.

மேலே போனபோது மணி பத்தேகால். சரிவு தொடங்கும் இடத்துக்கு முன்னால் ஒரு மரக்கூட்டம் இருக்கிறதே, அங்கே நின்றோம். வெயில், காற்றில்லை, ஒரு சுருக்கம்கூட இல்லாத வெள்ளை. மோரிஷிதா கைதட்டினார். "இதுக்காகத்தான் சார் வந்தோம்." நான் அண்ணனிடம் திரும்பி, "அண்ணே, நீ என்ன சொல்றே?" என்றேன்.

"நீ சொன்னா சரிடா, டோகி."

நான் எல்லாரையும் மரங்களுக்கு நடுவிலேயே நிற்கச் சொன்னேன். பாதை பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறேன் என்றேன். மோரிஷிதாவுக்கு முகம் சுண்டிவிட்டது. பாதை பார்க்க அங்கே ஒன்றுமில்லை, அவருக்கும் தெரியும். உங்கள் மூன்று தட்டு காதுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது. அதனால் நிற்கவைத்தேன். அதே மூன்று தட்டு பொய் என்று எல்லாருக்கும் முன்னால் காட்டவும் வேண்டியிருந்தது. அதனால் நான் போனேன். இரண்டும் ஒரே மண்டைக்குள் இருந்தன. முகத்துக்கு நேராக இதைச் சொல்ல மாட்டேன். தாளில் சொல்லிவிட்டேன், திரும்பக் கேட்காதீர்கள்.

இருபது எட்டு வைத்திருப்பேன். மலைக்குள் யாரோ பெரிய அலமாரிக் கதவைச் சாத்தியது போல ஒரு சத்தம். தலைக்கு மேலே பனியில் விரிசல் கோடாக ஓடியது. அதற்கப்புறம் மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. நின்றபோது வாய் நிறையப் பனி, கையை அசைக்க முடியவில்லை. சிமெண்டுக்குள் வைத்துப் பூசிய மாதிரி. வெளிச்சம் நீலமாக இருந்தது. நான் எந்த தெய்வத்தையும் கூப்பிடவில்லை, உங்களுக்கு ஏமாற்றமாக இருக்கலாம்.

புதைந்தவர்களைத் தேடும் கருவி மோரிஷிதாவிடம் இருந்தது, அது என்னைக் கண்டுபிடித்தது. அண்ணனின் பனி தள்ளும் மரத்துடுப்பு தோண்டி எடுத்தது. பதினொரு நிமிடம் என்றார்கள். முகம் வெளியே வந்ததும் முதலில் தெரிந்தது அண்ணனின் மூக்கு. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"டேய், உசுரோட இருக்கியா? இருந்தா திட்டு."

திட்டினேன். அவர் உட்கார்ந்து அழுதார்.

அண்ணி, நான் போட்ட திட்டப்படி ஐந்து பேரும் வரிசையாகக் குறுக்கே போயிருந்தால், கடைசி ஆள் நிற்கும் இடத்தில்தான் உடைப்பு ஆழம். அண்ணன் மார்பளவு இருந்தது.

இனி என் பங்கைக் கேளுங்கள், இங்கே கூரையைப் பார்த்துப் படுத்தபடி நன்றாக யோசித்திருக்கிறேன். பன்னிரண்டாம் தேதி பார்த்தீர்கள். இருபத்தேழாம் தேதி சொன்னீர்கள். பதினைந்து நாள். நடுவில் பதினெட்டாம் தேதி எனக்கு ஒரு கடிதம் எழுதி, அதில் யோசிக்கத் தெரியுமா என்று என்னைக் கேட்டீர்கள். நான் ஒரு கட்டத்தைப் பொய்யால் நிரப்பினேன். நீங்கள் அதே கட்டத்தை உண்மை தெரிந்தே காலியாக விட்டீர்கள். இரண்டில் எது பெரிய முட்டாள்தனம்? என் ஓட்டு உங்களுக்கு.

மோரிஷிதா மறுபடி வருகிறேன் என்கிறார். அவருக்குப் புத்தி கலங்கிவிட்டதா தெளிந்துவிட்டதா தெரியவில்லை. மார்ச் 18. அதற்குள் எலும்பு கூடிவிடும் என்கிறார் டாக்டர். அண்ணன் வேண்டும். இங்கே பார்க்க வந்தபோது கேட்டேன், சரி என்றார்.

டோகிஹிரோ


ஹினாசாவா
பிப்ரவரி 4

டோகிஹிரோவுக்கு,

உன் ஓட்டை ஏற்றுக்கொள்கிறேன். அந்த ஒரு வரிக்கு நீ சொன்னது சரி.

தோப்போரத்து மலைத்தாய் கோயிலுக்கு நேற்றுப் போனேன். படி தெரியும் வரைக்கும் பனியைத் தள்ளிவிட்டு உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். பன்னிரண்டாம் தேதி மலையைப் பார்க்கக் கூடாது என்பது சட்டம். பார்த்துவிட்டால் ஒளித்துவை என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. அதை நானாகச் சேர்த்துக்கொண்டேன், ஓரியேவுக்குப் பயந்து. பக்தி என்று பெயர் வைத்துக்கொண்டு மானத்தைக் காப்பாற்றியிருக்கிறேன். தெய்வத்திடம் மன்னிப்புக் கேட்டது அதற்குத்தான், ஜன்னலுக்கு இல்லை. திரும்பி வரும்போது ஓரியே வீட்டு வாசலில் நின்று, "அது எலி இல்ல, நான்தான்" என்றேன். "தெரியும்க்கா" என்றாள். மூன்று வாரமாகத் தெரியுமாம். இவளுக்குப் பயந்துதான் ஒரு மனுஷனை மலையில் விட இருந்தேன்.

என்மேல் போட்டதைப் போட்டுக்கொண்டேன். இனி உன்மேல்.

உன் அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். "வந்துட்டேன்" என்று சொல்லவில்லை. பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே பாய்மேல் ஏறி வந்து அடுப்பு முன்னால் உட்கார்ந்தார். நம் வீட்டில் ஒரு நாய்கூட அப்படி வந்ததில்லை. பூட்ஸிலிருந்து பனி உருகிப் பாயில் ஓடியது. ரொம்ப நேரம் கழித்து, "அவன் மூஞ்சி நீலமா இருந்துச்சு கினுயே" என்றார். அப்புறம் பூட்ஸைப் பார்த்துவிட்டு, "அடடா" என்றார். அவ்வளவுதான். அன்றிலிருந்து சாப்பிடுகிறார், தூங்குகிறார், பனி தள்ளுகிறார். தள்ளும்போது நடுவில் நின்று கையைப் பார்க்கிறார்.

நீ அவரை மார்ச் பதினெட்டுக்குக் கேட்கிறாய். கட்டிலில் படுத்துக்கொண்டு, கையைத் துணித் தொட்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு, உன்னைத் தோண்டி எடுத்த ஆளிடம் கேட்கிறாய். அவர் சரி என்கிறார். உன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய், நீயே படிக்கவில்லை போலிருக்கிறது. சரிவுக்கு முன்னால் நின்று "நீ என்ன சொல்றே" என்று கேட்டாயே. கேட்டவுடன் என்ன பதில் வரும் என்று தெரிந்துதான் கேட்டாய். என் கடிதம் உன் சட்டைப் பையில் இருக்கிறது, மூன்று தட்டு என்று காலையில் சாட்சி சொன்னவர் அவர். அப்படியும் "நீ சொன்னா சரிடா" என்கிறார். நீ தவழ்ந்த நாளிலிருந்து அந்த மனுஷனுக்கு உன்னிடம் வேண்டாம் என்று சொல்ல வாய் வந்ததில்லை. அவரைக் கடைசியில் நடக்கவைக்கிறாய், உன்னைத் தடுக்க யாரும் இல்லாத இடத்தில் ஒரு ஆள் இருப்பது மாதிரி காட்டிக்கொள்வதற்கு.

நேற்றுச் சொன்னேன்.

"மார்ச்ல நீங்க போகல."

"அவன்கிட்ட யாரு சொல்றது?"

"நான் சொல்றேன்."

"அவனுக்குக் கடைசி ஆளுக்கு என்ன பண்ணுவான் பாவம்?"

"அதையும் நான் பாத்துக்கறேன்."

"உன் ஸ்கீ எங்க இருக்குன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். அரிசிக் கொட்டகையில் இருக்கிறது. மெழுகு தேய்த்துக் கொண்டிருக்கிறார் இப்போது.

ஆகவே கேட்டுக்கொள். மார்ச் 18 அன்று கடைசி ஆளாக நான் வருகிறேன். எனக்கு ஐம்பத்தெட்டு வயது, இரண்டு காதும் கேட்கும், வேகமாக ஏற மாட்டேன். நீங்கள் காத்திருப்பீர்கள். போகும் வழியில் மரமில்லாத இடமாகப் பார்த்து நான் தோண்டுவேன், உன் பல் மருத்துவர் மண்வெட்டி பிடிப்பார். மரமில்லாத இடத்தில் தோண்டுவதை இந்த வயதில் கற்றுக்கொண்டிருக்கிறேன், நீ உன் சான்றிதழை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை என்னிடம் ஒரு தடவையாவது கேட்டிருக்கலாம். எங்கே தோண்டினீர்கள் அண்ணி என்று. மூன்று வார்த்தை.

என் குரலில் வாசித்துக் காட்டத் தெரியும் என்கிறாய். நேரிலேயே கேட்கலாம், சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். இரண்டு வருடத்துப் பேச்சு மிச்சம் இருக்கிறது, ஏறும்போது அதைத் தீர்த்துக்கொள்ளலாம். இறங்குவதற்கு முன்னால் நான் "வேண்டாம்" என்றால் ஒரு தடவைதான் சொல்வேன். ஏன், எதற்கு, அந்தப் பக்கம் நன்றாக இருக்கிறதே என்றெல்லாம் நின்று வாதாட மாட்டேன். நீங்கள் பேசி முடிப்பதற்குள் வந்த வழியே திரும்பி நடந்துகொண்டிருப்பேன்.

எல்லாருடைய சோறும் என் பையில் இருக்கும்.

கினுயே